கன்னி மூலைக் கட்டில்

பரிதியில் யாரும் தமக்குத் தோன்றிய நேரத்தில் கட்டிலை மடக்கிவிட முடியாது. காலைச் சங்கு ஊதியதும் முதல் பகுதிக்காரர்களும், அவர்களுக்கு நேர் எதிரே சக்கரத்தின் மறுபக்கத்தில் குடியிருப்பவர்களும் ஒரே சமயத்தில் கட்டில்களைத் தூக்கிச் சுவரோடு சேர்ப்பார்கள். அவர்கள் முடித்த பிறகு அடுத்த இரண்டு பகுதிகள். ஒரு பக்கத்துக் கட்டில்கள் மட்டும் எழுந்து மறுபக்கத்தவை கிடந்தபடி இருந்தால் சக்கரம் லேசாகத் தள்ளாடும். மேசைமேல் காப்பி டம்ளர் தானாக நகரும். ஆகவே தங்கள் முறை வரும்வரை ஆயிரக்கணக்கான மனிதர்கள் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றிருப்பார்கள். பரிதியில் பிறந்த குழந்தைகள் எழுத்தைக் கற்பதற்கு முன்பே இந்த ஒழுங்கைக் கற்றுவிடும்.

பூமிக்கும் நிலவுக்கும் இடையே சுழலும் அந்தச் சக்கரத்தில் எடை என்பது சுழற்சி தரும் பொருள். சக்கரம் சுற்றும்போது மனிதர்கள் அதன் வெளிவிளிம்பை நோக்கி அழுத்தப்படுகிறார்கள். அதுதான் அவர்களுக்குத் தரை. அறைகள் மிகச் சிறியவை. கட்டில் கீழே இருந்தால் அது படுக்கை மட்டுமே. மேலே போனால்தான் வீடு. ஒவ்வொரு கட்டிலின் பக்கங்களிலும் இரண்டு காற்றுவில்கள் உண்டு. அழுத்தப்பட்ட வாயு நிறைந்த இந்தக் குழல்கள் கட்டிலின் பாரத்தை ஏற்றுக்கொள்வதால் சிறு குழந்தைகூட அதை ஒரு கையால் தூக்கிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எதிரே விண்கற்களின் கூட்டம் வந்தால் வழிவிடுவதற்காகச் சக்கரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள். இதற்குத் தணிப்பு என்று பெயர். வேகம் குறைந்தால் எடை குறையும். படுத்திருப்பவரின் எடை குறைந்தால் காற்றுவில்லின் கை ஓங்கும். கட்டில் ஆளோடு சேர்ந்து சுவருக்குப் போய்விடும். அதற்காகத்தான் தரையில் தரைப்பூட்டுகள் வார்க்கப்பட்டிருந்தன. கட்டிலின் கால்கள் அவற்றில் இறங்கிப் பூட்டிக்கொண்டால் எந்தத் தணிப்பும் அதை அசைக்காது. தணிப்புச் சங்கு ஊதினால் எல்லாரும் கட்டிலில் படுத்து வார் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பரிதியில் கட்டிலைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஒவ்வொரு நடையின் இருபுறமும் வீடுகள் எதிரெதிராக இருந்தன. தரைக்கடியில் ஓடும் குழாய்களுக்கு இடம்விட்டு, ஒரு வரிசை வீடுகளில் கட்டிலை ஒரு மூலையிலும் எதிர்வரிசையில் அதற்கு நேர் எதிர் மூலையிலும் அமைத்திருந்தார்கள். அப்போது அந்த மூலைகளுக்குப் பெயர் ஏதும் இல்லை. விண்வெளியில் திசை ஏது? பிறகு முகவரி எழுதுவதற்கு வசதியாக, சக்கரம் சுழலும் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் தீர்மானித்து, வீட்டுக்கு வீடு சுவரில் நீலப் பெயிண்டால் திசைகளை எழுதியது. அன்று தொடங்கியது வினை. ஒரு வரிசையில் கட்டில் ஈசானிய மூலையில் வந்து விழுந்தது. எதிர்வரிசைக்குக் கன்னி மூலை கிடைத்தது. ஈசானியத்தில் பாரம் இருக்கக் கூடாது, பாரத்தின் இடம் கன்னி மூலைதான் என்பதைப் பூமியிலிருந்து வந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோமதிநாயகத்தின் வீடு ஈசானிய வரிசையில் இருந்தது. அவன் தணிப்புப் பிரிவில் பொறியாளன். மனைவி செண்பகவல்லி பயிர்க்கூடத்தில் கீரைகளைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு முறை கருவுற்று இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. பரிதியில் இது பலருக்கு நடக்கிறது, காரணம் முழுதாகத் தெரியவில்லை, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். மூன்றாவது முறை கரு தங்கியபோது செண்பகவல்லியால் பொறுத்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு வைரவன், உமையாள் தம்பதிக்குப் பிறந்த பெண்குழந்தை நடையில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது.

"அவங்களுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டாள். "அதே காத்து, அதே கஞ்சி, அதே டாக்டரம்மா. கட்டில் இருக்குற மூலை ஒண்ணுதான் வேற."

"செம்பா, ஈசானியம்கிறது வெறும் பெயிண்ட். இந்த நடையில எழுதுனப்ப ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நான்."

"பெயிண்டாவே இருந்துட்டுப் போகட்டும். மாத்துனா என்ன கெட்டுப்போச்சு?"

"அந்த மூலையில தரைப்பூட்டு இல்ல. புதுசாப் போட முடியாது. தரையில ஓட்டை போட்டா அடியில வெளி ஓடு. அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல."

"கட்டிலப் புடிச்சுவைக்க நீங்க இருக்கீங்க. இன்ஜினியருதானே?" அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. "இதப் புடிச்சுவைக்க யாரு இருக்கா?"

கரு கலைவதற்கு இருக்கக்கூடிய எத்தனையோ காரணங்களில் ஒன்றைக்கூட அவர்களால் தொட முடியாது. கட்டிலைத் தொட முடியும்.

ஜெசிந்தாவின் கடையில் கீல்களும் காற்றுவில்களும் வார்களும் கூரைவரை தொங்கின. மடக்குக் கட்டிலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். கோமதிநாயகம் குரலைத் தாழ்த்திக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"கன்னி மூலை செட்டா? அய்யோ சார், நீங்களுமா! உங்க பிரிவுல இருந்து இதோட மூணு பேரு. போன வாரம் வந்துட்டுப் போனவரு பேரச் சொன்னா மயக்கம் போட்டுருவீங்க."

"யாரு?"

"சொல்லமாட்டேன். நாளைக்கி நீங்க வந்ததயும் சொல்லக் கூடாதுல்ல?"

ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். சுவரில் மாட்டும் தாங்கிகள், பசை, தரையில் ஒட்டும் ஒரு கனத்த உலோகத் தகடு. தரைப்பூட்டுக்குப் பதிலாகக் கட்டில் காலைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தகடுதான்.

"பசை தாங்குமா?"

"சின்னத் தணிப்புக்கெல்லாம் ஜம்முனு தாங்கும். பெரிய தணிப்பு எப்ப வரும்னு நீங்கதான் சொல்லணும். அது உங்க கையிலல்ல இருக்கு?"

"வந்து வருஷக்கணக்கா ஆச்சு."

"அப்புறம் என்ன சார், கவல?"

கட்டிலைக் கழற்றி மாற்றும் அன்று வைரவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். "இன்ஜினியர் வீட்டுக் கட்டில் நகர்வலம் போகுது, எல்லாரும் வந்து பாருங்க!" என்று நடையைப் பார்த்துக் கூவினான். செண்பகவல்லிகூடச் சிரித்தாள். பிறகு அவனே சற்றுக் கூச்சத்தோடு, "நாங்க ஒண்ணும் தெரிஞ்சு பண்ணலண்ணே. கொடுத்த வீடு அப்படி அமைஞ்சுபோச்சு. எல்லாம் நேரம்" என்றான்.

கோமதிநாயகம் தகட்டை ஒட்டி, காய்ந்த பிறகு இழுவைக் கருவி வைத்து இழுத்துப் பார்த்தான். இதுவரை அவன் கண்ட தணிப்புகள் எல்லாவற்றையும்விட அதிகமாகவே இழுத்தான். தகடு அசையவில்லை.

ஐந்தாம் மாதம் கடந்தது. ஆறாம் மாதமும் கடந்தது. குழந்தை உதைப்பதை வைரவனின் மகள் கைவைத்துப் பார்த்துக் கூச்சலிட்டாள். அந்த வரிசையில் மேலும் சிலர் கட்டிலை மாற்றினார்கள். கோமதிநாயகத்திடம் யாராவது கேட்டால், அதெல்லாம் மனநிறைவுக்காகத்தான் என்பான். ஆனால் அவன் அப்படிச் சொல்லும் குரல் முன்புபோல் இல்லை.

ஒரு மதியவேளையில் கற்கூட்டம் வந்தது. எச்சரிக்கைக்கும் தணிப்புக்கும் இடையே அவகாசம் அதிகம் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியிலிருந்தவர்களில் கோமதிநாயகமும் ஒருவன். சங்கை ஊதவிட்டு வேகத்தைக் குறைத்தார்கள். வழக்கமான அளவில் வேகமானியின் முள் நிற்கவில்லை. இன்னும் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இறக்கினார்கள். அவன் அன்று இழுத்துச் சோதித்த அளவை முள் கடந்தபோதுதான் அவனுக்கு வீடு ஞாபகம் வந்தது. பேசியை எடுத்தான்.

"படுத்துட்டேங்க, வாரும் கட்டியாச்சு" என்றாள் செண்பகவல்லி, அவன் வாய் திறப்பதற்குள். "நீங்க உங்க வேலயப் பாருங்க. நான் பத்திரமா இருக்கேன்."

"எந்திரி செம்பா. இறங்கு. கட்டில விட்டு இறங்கு!"

"என்னங்க? சங்கு ஊதுனா படுக்கணும்னு நீங்கதானே…"

"இறங்குடீ!"

வாரின் கொக்கியை அவள் தேடும் சத்தம் கேட்டது. பிறகு பெருமூச்சு விடுவதுபோல் மெதுவாக, நீளமாக ஒரு சத்தம். காற்றுவில்கள் விரியும்போது அப்படித்தான் ஒலிக்கும்.

செண்பகவல்லி பிழைத்தாள். ஆண் குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணைக்குழுவின் முடிவில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பசை விட்டது; பூட்டு இல்லாததால் கட்டில் மடங்கியது. கட்டிலை மாற்றியிருந்த மற்ற வீடுகளில் அந்த மதியவேளையில் யாரும் படுத்திருக்கவில்லை. குழு அந்தத் தகட்டையும் தாங்கிகளையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அந்த முடிவை நடையில் யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது பூமியிலிருந்து ஒரு வாஸ்து நிபுணர் பேசி அனுப்பிய பதிவைத்தான். பூமியில் மனிதனின் கால் மையத்தை நோக்கி இருக்கிறது. பரிதியிலோ தலை மையத்தை நோக்கி இருக்கிறது. தலைகீழாக நிற்பவர்களுக்குத் திசைகளும் தலைகீழாகத்தானே இருக்கும் என்று அவர் சாந்தமான குரலில் கேட்டார். ஈசானியம் என்று எழுதியிருக்கும் இடம்தான் மெய்யான கன்னி மூலை. இருந்த நல்ல இடத்திலிருந்து பாரத்தை எடுத்து ஈசானியத்தின் தலையில் வைத்துவிட்டீர்களே அம்மா.

செண்பகவல்லி அதைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுதது அதுவே முதல் முறை. கோமதிநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அந்த மனிதர் சொல்வது தவறு என்றால் பிள்ளையைக் கொன்றது அவன் ஒட்டிய பசை, அவள் பிடித்த பிடிவாதம். சரி என்றால், யாரோ தவறாக எழுதிய பெயிண்ட். இரண்டில் எதனோடு அந்தச் சின்ன அறையில் இருவரும் சேர்ந்து வாழ முடியும் என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யவில்லை. திசைகளைத் திருத்தி எழுதக் கோரிக் குடியிருப்போர் சங்கம் மனு தயாரித்தபோது முதல் கையெழுத்து அவனுடையது. அடுத்தது அவளுடையது. தணிப்புப் பொறியாளரே போட்டுவிட்டார் என்பதால் மற்றவர்களும் தயங்கவில்லை.

நிர்வாகத்துக்கும் அது பிடித்திருந்தது. கட்டிலை நகர்த்தாதீர்கள் என்ற எத்தனையோ எச்சரிக்கைகள் செய்யாததைச் சில டப்பா பெயிண்ட் செய்துவிடும். ஈசானிய வரிசைக்காரர்கள் தாமாகவே கட்டில்களைப் பூட்டுள்ள மூலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படியே நடந்தது. அறிவியலும் சாஸ்திரமும் கைகோத்த நாள் என்று சங்கச் செயலாளர் பேசினார். அப்படியானால் எதிர்வரிசை என்ன ஆகும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரை உட்காரச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து, தங்கள் முறைக்காகப் போர்வையோடு நின்றிருந்த காலைவேளையில், வைரவன் வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"அண்ணே, எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. உமையாளுக்கு மறுபடியும் நாலாவது மாசம். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு இருந்தோம்."

"நல்ல சேதிதானே" என்றான் கோமதிநாயகம்.

"இப்பத் திருத்தி எழுதுனதுல எங்க கட்டில் ஈசானியத்துல வந்துருச்சு. அவ ரெண்டு நாளாத் தூங்கல, தரையில உக்காந்தே இருக்கா. கடையில போய்க் கேட்டா செட் தீந்துபோச்சாம், எங்க வரிசை மொத்தமும் வாங்கிட்டுப் போயிருச்சுங்குறாங்க ஜெசிந்தாக்கா. உங்களோடது சும்மாத்தானே இருக்கு?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த மூலையில் பூட்டு இல்லை. அதை அவன் சொன்னால் வைரவன் கேட்டுக்கொள்வான், திரும்பிப் போய்விடுவான். ஆனால் அந்த வாக்கியம் இந்த வீட்டைவிட்டுப் போகாது.

"அன்னைக்கி நடந்ததுக்கு மூலைதானேண்ணே காரணம்?" என்று வைரவன் மெதுவாகக் கேட்டான். "நீங்களே முதல் ஆளா எழுதிக் கொடுத்துருக்கீங்க. அதான் தைரியமா வந்தேன்."

கோமதிநாயகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். செண்பகவல்லி போர்வையைக் கீழே வைத்துவிட்டு அலமாரிக்கடியிலிருந்து பையை இழுத்தாள். உள்ளே உலோகம் உரசிக்கொண்டது. வைரவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல், "அவரு ஒருத்தரா எப்படித் தூக்குவாரு? நீங்களும் கூடப் போங்க" என்றாள்.

அவன் போனான். எதிர்வீட்டில் உமையாள் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து வழிவிட்டாள். இருவரும் கட்டிலைக் கழற்றி, பூட்டிலிருந்து கால்களை விடுவித்து, அறையின் குறுக்கே தூக்கிவந்தார்கள். பரிதியின் ஈரக் காற்றில் சுவரின் புதிய எழுத்து இரண்டு நாளாகியும் முழுதாகக் காயவில்லை. அதில் கை பட்டு அழிந்துவிடாதபடி ஒதுங்கி நின்று, தரையை விரலால் தொட்டுக் காட்டி, "தகடு இங்க வரணும்" என்றான் கோமதிநாயகம்.