கிரீடம் வைத்த மடிக்கணினி

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராஜா மாடிப்படியில் உருண்டார்.

எதிரிப் படை எதுவும் வரவில்லை. வீட்டில் ராஜநடை பழகியிருக்கிறார், அவ்வளவுதான். போர்வையை மேலங்கி மாதிரி தோளில் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் படியிறங்கியிருக்கிறார். ராஜா என்றால் தலையைக் குனியக் கூடாது என்று நாடக டீச்சர் சொல்லியிருந்தார். போர்வை காலில் சிக்கியது. ராஜாவின் வலது கால் மாவுக்கட்டுக்குள் போய்விட்டது.

வகுப்பிலேயே உயரமான பையன் என்பதால் அந்த ராஜாவுக்கு நெட்டையன் என்று பெயர். அவனுடைய தோழிக்கு மிளகு என்று பெயர். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் காரம். நாடகத்தில் அவளுக்கு வேஷம் கிடையாது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாராவது வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுப்பாள். அதனால் எல்லோருடைய வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அப்போ நீயே ராஜாவா நடிச்சிடு மிளகு. வேற யாருக்கும் வசனம் தெரியாது" என்றார் நாடக டீச்சர்.

மிளகுக்கு ஆசை இல்லாமல் இல்லை. தங்கக் காகிதம் ஒட்டிய அந்தக் கிரீடத்தை அவள் ஒருமுறை யாரும் பார்க்காதபோது வைத்துப் பார்த்திருக்கிறாள். அது மூக்குவரை இறங்கியது.

அன்று மாலை அவள் நெட்டையன் வீட்டுக்குப் போனாள். அறைக்குள்ளிருந்து, "ஹ ஹ ஹா" என்று ராஜச் சிரிப்புக் கேட்டது. கதவைத் தள்ளியதும் சிரிப்பு நின்றது.

"நீதான் ராஜான்னு டீச்சர் போன் பண்ணி சொன்னாங்க. நல்லா பண்ணு" என்றான் நெட்டையன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இப்ப யாரு சிரிச்சது?"

"யாரும் இல்ல."

மிளகு கட்டிலில் உட்கார்ந்தாள். அவனுடைய அக்காவின் கணினி மேசையில் திறந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, ராஜா நாடகம் முழுக்க எங்க இருப்பாரு?"

"சிம்மாசனத்துல."

"எந்திரிப்பாரா?"

"இல்ல."

"அப்புறம் உனக்குக் கால் எதுக்கு?"

அப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. பள்ளியின் மடிக்கணினியைச் சிம்மாசனத்தில் வைப்பது. அதன் தலையில் கிரீடம் வைப்பது. நெட்டையன் வீட்டிலிருந்தே வீடியோவில் வந்து ராஜாவாகப் பேசுவது. டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு சம்மதித்தார். தன் கைப்பேசியையே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அதில் ராஜா கடைசி வரிசைக்குக் கடுகாகத்தான் தெரிவார். ஒத்திகையில் மடிக்கணினி ராஜா ஜம்மென்று இருந்தார்.

நாடகத்தன்று காலையில் அந்த மடிக்கணினி படுத்துவிட்டது.

திரை நீலமாக மாறியது. அணைத்துப் போட்டாலும் நீலம், ஆற அமர விட்டுப் போட்டாலும் நீலம். அதைத் தூக்கிக்கொண்டு மிளகு கணினி அறைக்கு ஓடினாள்.

அங்கே கணினி சார் இருந்தார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் டேப் சார். ஒட்டு நாடாச் சுருள் ஒன்று எப்போதும் அவர் கையில் வளையல் மாதிரி மாட்டியிருக்கும். நாற்காலியின் கை ஆடினால் டேப். கடிகாரத்தின் கண்ணாடி உடைந்தால் டேப். அவருடைய மூக்குக்கண்ணாடியின் நடுவிலும் ஒரு சுற்று டேப்தான். அதற்கு ஒரு கொள்கையும் வைத்திருந்தார்: தான் ஒட்டியதைத் தானே பிரிக்க மாட்டார்.

"இயங்குதளம் கெட்டுப்போச்சும்மா. கணினிக்குள்ள எல்லா வேலையையும் மேய்க்கிற ஆள் அது. ஆளு மயங்கிட்டாரு. புதுசா ஒருத்தரை உக்கார வைக்கணும், அவ்வளவுதான். மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்.

மடிக்கணினியின் முன் விளிம்பு வாய் பிளந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. முதலில் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி ஒட்டினார். புது இயங்குதளம் இருந்த பென் டிரைவைச் செருகினார். அது லொடலொடவென்று ஆடியது. பாதியில் விழுந்துவிட்டால் எல்லாம் பாழாகிவிடுமே என்று அதற்கும் மூன்று சுற்று டேப்.

"இனிமே பூகம்பமே வந்தாலும் அசையாது" என்றார்.

கணினி வேலையைத் தொடங்கியது. என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. எங்கே பதிய வேண்டும் என்று கேட்டது. பிறகு ஒரு கோடு மெல்ல நிரம்பியது. நிரம்பி முடிந்ததும் தானாக அணைந்து, தானாக எழுந்தது.

எழுந்ததும் என்ன மொழி வேண்டும் என்று கேட்டது.

"இப்பதானே சொன்னோம்?" என்றாள் மிளகு.

"மறந்திருக்கும். வயசான கணினி." சார் மறுபடி எல்லாப் பதிலும் சொன்னார். கோடு நிரம்பியது. அணைந்தது. எழுந்தது. என்ன மொழி வேண்டும் என்று கேட்டது.

மூன்றாம் முறையும் அதே கேள்வி வந்தபோது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்குதே. பென் டிரைவ்ல இருக்கிறதே கெட்டுப்போயிருக்குமோ?"

மிளகு திரையையும் பென் டிரைவையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவளுக்கு. ஆமாம், ஒத்திகையில்தான். மந்திரியாக நடித்த பையன் நடுவில் தடுமாறியபோது, அவள் பக்கத்தைத் திருப்ப மறந்து முதல் வசனத்தையே எடுத்துக்கொடுத்துவிட்டாள். அவனும் கேள்வி கேட்காமல் நாடகத்தை முதலிலிருந்து தொடங்கிவிட்டான்.

"சார், கணினி எழுந்திருச்சதும் முதல்ல எதைப் பார்க்கும்?"

"பென் டிரைவ் இருந்தா அதைத்தான் பார்க்கும்."

"அதுல முதல் வசனம் என்ன?"

"என்ன மொழி வேணும்னு கேட்கிறது."

"அப்போ அது மேல தப்பு இல்ல சார். நாமதான் எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் முதல் வசனத்தையே எடுத்துக் கொடுக்கிறோம்."

சார் பென் டிரைவைப் பார்த்தார். "எப்பவும் நடுவுல எடுத்துடுவேன். இன்னைக்கு ஒட்டிட்டேனா, எடுக்கவே தோணல" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒட்டினதை நான் பிரிக்க மாட்டேன். நீ பிரிக்கலாம், தடையில்ல" என்றார்.

இந்த முறை கோடு நிரம்பி, திரை அணைந்ததும் மிளகு நகத்தால் டேப்பைக் கிழித்துப் பென் டிரைவைப் பிடுங்கினாள். கணினி எழுந்தது. மொழி கேட்கவில்லை. பச்சை மலையும் வானமும் திரையில் விரிந்தன. இருவரும் கைதட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இணையம் வரவில்லை.

அலைக்குறி இருக்க வேண்டிய மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி நின்றது. சார் அங்கே தட்டினார், இங்கே தட்டினார். பக்கத்தில், மேசையைவிட்டு நகர்த்த முடியாத பெரிய கணினிகளில் எல்லாம் இணையம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இணையத்தைப் பிடிச்சுக் கொடுக்கிற சின்ன மென்பொருள் ஒண்ணு வேணும்னு நினைக்கிறேன். புதுசா போட்டதுல வந்திருக்காது" என்றார் சார்.

"அதை எங்கிருந்து எடுக்கிறது?"

"இணையத்துல இருந்துதான்."

"இணையம்தான் இல்லையே சார்."

"ம். பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும்" என்று சார் தலையைச் சொறிந்தார். வேறு கணினியில் இறக்கிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தார். பெருக்கல் குறி அசையவில்லை. அதற்குள் அரங்கத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

நாடக டீச்சர் மேலங்கியோடு வந்து நின்றார். "போதும் மிளகு. இனிமே முடியாது. நீ வேஷம் போட்டுக்கோ."

மேலங்கி பளபளவென்று மின்னியது. மிளகு அதைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிடம் நிஜமாகவே தோன்றியது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கணினிதானே கெட்டுப்போனது, அவளா கெடுத்தாள்?

"டீச்சர், அவன்கிட்ட நானே சொல்லிடறேன். போன் குடுக்கிறீங்களா?"

முதல் மணியிலேயே நெட்டையன் எடுத்தான். குரல் மூக்கால் வந்தது.

"என்னடா, சளியா?"

"இல்ல. அக்கா மீசை ஒட்டிட்டா. காலையிலேயே ஒட்டிட்டா. மூக்குக்குள்ள முடி குத்துது. தும்மினா பிஞ்சிடும்னு தும்மாமலே உக்காந்திருக்கேன். எப்ப கூப்பிடுவீங்க?"

காலையிலிருந்து அவன் தும்மவே இல்லை. அதைக் கேட்டதும் மிளகுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் தும்மாதே. கூப்பிடறோம்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லலையா?" என்றார் டீச்சர்.

"வாய் வரல டீச்சர்."

அவள் மேசைக்கு எதிரே போய் நின்றாள். ஒத்திகை நாளில் இந்த மடிக்கணினி எப்படி இருந்தது என்று யோசித்தாள். திரையில் நெட்டையன் இருந்தான். மற்றவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கணினியைச் சிம்மாசனத்தில் வைத்த மிளகின் கண்கள் மட்டும் அதன் விளிம்பு உயரத்தில்தான் இருந்தன. அதனால் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது: முன் விளிம்பில் எரிந்த ஒரு குட்டி நீல விளக்கு.

இப்போது விளக்கு இருந்த இடத்தில் டேப் இருந்தது.

"சார், இங்க ஒரு விளக்கு எரியுமே, அது எதுக்கு?"

"அது வைஃபை விளக்கு. பக்கத்துலயே அதுக்கு ஒரு சின்ன…" சார் அப்படியே நிறுத்தினார்.

மிளகு அனுமதி கேட்கவில்லை. டேப்பின் நுனியைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தாள். விளக்குக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அழுத்தி ஒட்டிய வேகத்தில் அது இடதுபக்கம் நகர்ந்து அணைந்து கிடந்தது. வலதுபக்கம் தள்ளினாள். நீல விளக்கு எரிந்தது. மூலையில் பெருக்கல் குறி மறைந்து அலைக்குறி வந்தது.

டேப் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் கையே என் கண்ணைக் குத்திடுச்சு" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நாடக டீச்சருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"விளிம்பு வாய் பிளந்துதான் இருக்கும், பரவால்லையா சார்?" என்று மிளகு கேட்டாள்.

"இருக்கட்டும். ராஜா பேசணும்னா வாய் திறந்துதானே இருக்கணும்."

சிம்மாசனத்தில் மடிக்கணினியை வைத்து, நெட்டையனை வீடியோவில் கூப்பிட்டார்கள். கிரீடத்தை அதன் தலையில் வைத்தால் வழுக்கியது. பின்பக்கம் சாய்ந்தது, முன்பக்கம் சரிந்து ராஜாவின் நெற்றியை மறைத்தது. மிளகு திரும்பி டேப் சாரைப் பார்த்தாள்.

"நிஜமாவா கேக்குற?" என்றார் அவர்.

"நிஜமாதான் சார். இதுக்கு நீங்கதான் சரி."

அவர் கையிலிருந்த சுருளைக் கழற்றி, ஒட்டினார் பாருங்கள், கிரீடம் கணினியிலேயே முளைத்தது போல நின்றது.

திரை விலகியது. கிரீடம் வைத்த மடிக்கணினியைப் பார்த்துக் கூட்டம் முதலில் கிசுகிசுத்தது. நெட்டையன், "யாரங்கே!" என்று கர்ஜித்ததும் முன்வரிசைக் குழந்தை ஒன்று பயந்து அம்மா மடியில் ஏறியது. அதற்குப் பிறகு ஒருவரும் கணினியைப் பார்க்கவில்லை, ராஜாவைத்தான் பார்த்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மந்திரி போர்ச் செய்தி கொண்டுவரும்வரை. அப்போதுதான் காலையிலிருந்து அடக்கிவைத்த தும்மல் வெளியே வந்தது. ஒலிபெருக்கி அதிர்ந்தது. மீசை பறந்துபோய்த் திரைக்கு வெளியே எங்கோ விழுந்தது.

நெட்டையனுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது முகத்திலேயே தெரிந்தது. சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து மிளகு கிசுகிசுத்தாள். ஆனால் எழுதிவைத்த வசனத்தை அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.

"மந்திரியாரே," என்று ராஜா அவள் சொன்னதை அப்படியே முழங்கினார், "போர் நாளைக்கு. முதலில் என் மீசையைத் தேடுங்கள்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மந்திரியும் சிரித்துவிட்டான். மீதி நாடகம் முழுக்க அவன் மேடையில் மீசையைத் தேடிக்கொண்டேயிருந்தான், அதுவே நன்றாக அமைந்துவிட்டது.

முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. நடித்தவர்கள் எல்லோரும் மேடையின் முன்னால் வந்து வணங்கினார்கள். சிம்மாசனத்தில் ராஜா மட்டும் தனியாக இருந்தார்.

"மிளகு, நீயும் வா" என்று திரையிலிருந்து கூப்பிட்டான் நெட்டையன். அவள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். "மந்திரியாரே, என் கிரீடத்தை எடுத்து இவ தலையில வைங்க. இது ராஜாவோட உத்தரவு."

மந்திரி கிரீடத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். அப்போதும் வரவில்லை.

"நான் ஒட்டினது வராது" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் பெருமையோடு வந்தது.

மிளகு மந்திரியை விலக்கினாள். கணினியில் செருகியிருந்த கம்பிகளைக் கழற்றினாள். கிரீடத்தோடு சேர்த்து மடிக்கணினியை அப்படியே நெஞ்சோடு தூக்கிக்கொண்டாள். அவள் உயரத்துக்குக் கிரீடம் மிகச் சரியாக அவள் நெற்றிக்கு முன்னால் வந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவள்தான் அதை அணிந்திருப்பதுபோல் இருந்தது.

"ஏய், எங்க தூக்கிட்டுப் போற?" என்றான் நெட்டையன்.

"முன்னாடி. ராஜாவும் வணங்கணும்ல" என்றாள் மிளகு. அவனைத் தூக்கியபடியே மேடையின் ஓரம்வரை நடந்து போய், இருவருக்குமாகச் சேர்த்துக் குனிந்தாள். கீழே பார்த்து, கவனமாக.