டிவிக்கு வலது பக்கம்

டிவியின் வலது ஓரத்தோடு மவுஸ் அம்பு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை.

ஜெனிட்டா மவுஸை இடது பக்கமாக இழுத்தாள். அம்பு வரவில்லை. இன்னும் இழுத்தாள். மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்து முட்டிய பிறகுதான், எங்கோ வெகுதூரம் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்புகிற ஆள் மாதிரி, அம்பு டிவிக்குள் நுழைந்தது.

டிவிக்கு வலது பக்கம் வெறும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது. சவுக்குத் தோப்பு, மணல், அதற்கப்புறம் கோவளம் கடல்.

பழைய டிவி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

டிவி அவர்களுடையது இல்லை. இந்த மாடி வீட்டுக்குக் குடி வந்த அன்றே அது சுவரில் இருந்தது. கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரி வரலட்சுமிதான் சொன்னாள். "அத்த கழட்டாத பாப்பா. முன்ன இருந்த பொண்ணும் இதுலதான் கம்ப்யூட்டர சொருகிக்கினு வேலை பாத்துச்சு. நல்லாத்தான் ஓடுது."

"அந்தப் பொண்ணு இப்ப எங்கக்கா கீது?"

"யாருக்குத் தெரியும்? சொல்லாம கொள்ளாம பூட்ச்சு. சாமானெல்லாம் போட்டது போட்டபடி கெடந்துது."

ஜெனிட்டாவுக்கும் டிவி தேவைப்பட்டது. நாவலூர் கம்பெனி ஒன்றுக்காக லண்டன் ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துப் பார்த்துப் பதிகிற வேலை. பில் ஒரு திரையில், படிவம் ஒரு திரையில். கம்பெனி கொடுத்த லேப்டாப் சிலேட்டு அளவு. அவள் கணவன் ஜெபகுமார், மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், கேளம்பாக்கத்தில் ஒரு ஒயர் வாங்கி வந்து லேப்டாப்புக்கும் டிவிக்கும் முடிச்சுப் போட்டான். "படம் பாக்க டிவி குடுக்கற புருஷன் ஊரெல்லாம் கீறான். பில்லு பாக்கக் குடுத்தவன் நான் ஒருத்தன்தான்" என்று மார் தட்டிக்கொண்டான்.

உள்தாழ்ப்பாளைப் பொருத்தியதும் அவன்தான். கம்பெனிச் சட்டம் அப்படி. பில்லில் இருப்பது யாருடைய நோயோ, யாருடைய ரகசியமோ. அதனால் ஷிப்ட் முடியும்வரை அறைக்குள் வேறு ஆள் கூடாது. கதவு தாழ் போட்டிருக்க வேண்டும். செல்போன் அறைக்கு வெளியே. கேமராவில் தெரியும் அவள் முகம் ஒரு சின்ன விண்டோவாகத் திரையில் திறந்தே இருக்க வேண்டும். போதாததற்கு, லேப்டாப்பில் மாட்டியிருக்கிற திரைகளையெல்லாம் ஒரு சாப்ட்வேர் அவ்வப்போது படம் பிடித்து நாவலூரில் இருக்கும் டீம் லீடர் அபிஷேக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

மீன்காரம்மா குரலுக்குக் கதவைத் திறந்ததற்கு ஒரு வார்னிங் வாங்கியாகிவிட்டது. தலைவலி மாத்திரை எடுக்க எழுந்து போனதற்கு இன்னொன்று. அடுத்தது வந்தால் வேலை இல்லை. படிப்பை முடித்து வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அதனால் இன்று வானமே இடிந்தாலும் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

வெளியே இடிந்துகொண்டுதான் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. கடலிலிருந்து சாய்வாக அடிக்கிற மழை கிரில் கம்பிகளில் பட்டு உடைந்து தூளாக உள்ளே வந்தது. சவுக்குத் தோப்பு ஒரே மூச்சை நிறுத்தாமல் விட்டுக்கொண்டிருப்பது போல ஓங்கி இரைந்தது. அறைக்குள் ஈரத்துணி வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நிறைய பேர் நனைந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸுக்குள் வருமே, அது.

அம்பு மறுபடியும் வலது ஓரத்தைத் தாண்டிப் போனது.

ஜெனிட்டா டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தாள். ஒன்று என்று எண் போட்ட சின்னப் பெட்டி, லேப்டாப். பக்கத்தில் இரண்டு, டிவி. அதை ஒட்டி இன்னொரு பெட்டி.

மூன்று.

எந்தத் திரை எது என்று காட்டும் பட்டனை அழுத்தினாள். லேப்டாப்பில் பெரிதாக ஒன்று வந்தது. டிவியில் இரண்டு. மூன்றைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். துணி காயும் கொடி. பீரோ. சாத்திய கதவு. எங்கும் இல்லை. எண்கள் மறைந்த நொடியில், டிவிக்கு வலது பக்கச் சுவரில், சுண்ணாம்புக்கு உள்ளேயிருந்து ஏதோ ஒரு வெளிச்சம் அணைந்தது போலிருந்தது.

மூன்றை நீக்கும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கம்பெனி லேப்டாப். அதையெல்லாம் தொட முடியாது.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட் கிணுகிணுத்தது. அபிஷேக்.

"இன்னா ஜெனி, மூணு ஸ்கிரீன் வெச்சுகினு கலக்கற. ஆபீஸ்ல எனக்கே ரெண்டுதான்."

"எனக்கும் ரெண்டுதான் அபிஷேக். லேப்டாப்பு, டிவி."

"எனக்கு மூணு படம் வருதே. மூணாவதுல இன்னா கேமரா ஓட வுட்டுகீற?"

"கேமராவா?"

"ஒரு ரூமு. சொவரெல்லாம் ஊறிப்போய்க் கீது. நெறைய பேரு முதுகக் காட்டிக்கினு சேர்ல உக்காந்துகினு கீறாங்க. டியூஷன் சென்டர் கியூஷன் சென்டர் நடத்துறியா?"

ஜெனிட்டா சிரித்தாள். "நெட்டுல எங்கனா மாறி வருது போல. என் ரூம்ல நான் மட்டுந்தான்."

"சரிம்மா, நான் நம்பறேன். க்ளையன்ட் பாத்தா நம்பமாட்டான். இன்னொரு வார்னிங்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, தெரியும்ல. ஷிப்ட் முடியற வரைக்கும் எழுந்துராத. அத்த மட்டும் இன்னான்னு பாரு."

"பாக்கறேன்."

"ஒரு சேர் மட்டும் காலியா கீது" என்றான் அபிஷேக், சும்மா பேச்சுக்கு. "நீலக் கலர் பிளாஸ்டிக் சேர். முதுகுல செவப்புத் துண்டு போட்டுகீது."

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், அவள் உட்கார்ந்திருந்த நீல நாற்காலியின் சாய்வில், ஜெபகுமாரின் சிவப்புத் துண்டு மடித்துக் கிடந்தது.

அவள் முகம் தெரிகிற விண்டோ வழக்கமாக டிவியின் வலது மேல் மூலையில் இருக்கும். இப்போதும் அங்கேதான் இருந்தது. ஆனால் முழுதாக இல்லை. வலது காது போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ பிடித்து மெல்ல நகர்த்துவது போல, விண்டோ ஓரத்துக்கு அப்பால் வழுக்கியது. வலது கன்னம் போனது. வலது கண் போனது. மூக்கின் நடுவில் வந்து நின்றது.

அதே சமயம் அவள் வலது கையில் குளிர் ஏறியது.

மழைக் குளிர் இல்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை, வலது தொடை, வலது பாதம், முகத்தின் வலது பாதி, எல்லாம் ஒரு கோடு கிழித்த மாதிரி. பாதத்துக்கு அடியில் சிமென்ட் தரை இருப்பது தெரிந்தது. ஆனால் அது நனைந்த தரை. கணுக்கால் வரை தண்ணீர். குனிந்து பார்த்தாள். தரை காய்ந்துதான் கிடந்தது.

வலது காதில் மழை கேட்கவில்லை. அங்கே வேறொன்று கேட்டது. நிறைய பேர் ஒரே நிதானத்தில் மூச்சு விடுவது.

விண்டோவை மூடிவிடு. மூடினால் சரியாகிவிடும். வார்னிங் வந்தால் வரட்டும்.

மூடுகிற பெருக்கல் குறி விண்டோவின் வலது மூலையில் இருக்கும். வலது மூலை அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

இடது கையால் மவுஸைப் பிடித்து, விண்டோவின் மேல்பட்டையை அம்பால் கவ்வி இழுத்தாள். கொஞ்சம் வந்தது. மூக்கு முழுசாய்த் தெரிந்தது. வலது கன்னத்தில் சூடு ஊறியது. இன்னும் இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார்கள்.

"ஜெனி." அபிஷேக்கின் குரலில் விளையாட்டு இல்லை. இடது காதில் மட்டும் கேட்டது. "ஜெனி, அந்தக் காலி சேர்ல ஒரு பொண்ணு உக்காந்துகினு கீது. பாதிப் பொண்ணு."

"யாரு?"

"உன் சட்டை போட்டுகீது."

அவள் எழுந்தாள். எழ முயன்றாள். வலது கால் வேறு எங்கோ ஊன்றியிருந்தது. அப்படியே சாய்ந்து தரையில் விழுந்தாள். ஹெட்செட் கழுத்துக்குச் சரிந்தது. இடது முழங்கையை ஊன்றி உடம்பைக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் கழன்றது. கதவு வரவில்லை. மழைக்கு மரம் ஊதிப்போய், நிலையோடு நிலையாக இறுகியிருந்தது. ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினாள். அசையவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், பிரிட்ஜ் மேல் வைத்திருந்த செல்போன் அடித்தது. ஜெபகுமாருக்கு அவள் வைத்திருந்த ரிங்டோன். கைக்கெட்டும் தூரம். நடுவே பலகை.

"அக்கா" என்று கத்தினாள். "வரலட்சுமி அக்கா." பாதி வாயால் கத்துகிற சத்தம் பாதியாகத்தான் வந்தது. மழை அதைத் தின்றது.

போன் அடித்து ஓய்ந்தது.

திரும்பி டிவியைப் பார்த்தாள். அவள் நாற்காலியை விட்டு வந்த பிறகும் விண்டோவில் அவள் இடது காது மட்டும். ஒரு கொத்து முடி. அதுவும் போய்விட்டால்?

லேப்டாப்பை அடித்து மூடலாம். மூடினால் எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அவளில் முக்கால்வாசி அந்தப் பக்கம். கூடாது.

ஒயர்.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் அவள் செய்கிற வேலைதான். டிவி ஒயரைப் பிடுங்கினால் அந்தத் திரை இல்லாமல் போகும். அதில் திறந்து கிடந்த விண்டோவெல்லாம் போக்கிடம் இல்லாமல் லேப்டாப்புக்கே ஓடி வந்துவிடும். ஒன்று விடாமல். அப்படித்தான் வரும். டிவி போனால் டிவியை ஒட்டியிருக்கிற மூன்றும் போகும். அவள் திரும்பி வந்துவிடுவாள்.

தவழ்ந்தாள். ஒரு கை. ஒரு கால். வலது தோளில் ஏதோ பட்டது. விரல்கள். ஊறிப்போன விரல்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து.

"ஜெனி, எல்லாரும் திரும்பறாங்க." கழுத்தில் கிடந்த ஹெட்செட்டில் அபிஷேக்கின் குரல் கொசு மாதிரி கேட்டது. "அவங்க மூஞ்சி... ஜெனி, அவங்க மூஞ்சிய நீ பாக்காத."

ஒயர் கையில் சிக்கியது. சுற்றினாள். பிடுங்கினாள்.

டிவி இருண்டது.

வலது கை வந்தது. வலது கால் வந்தது. காய்ந்த தரை. இரண்டு காதிலும் மழை. மேஜை மேல் லேப்டாப்பில், சின்ன விண்டோவில், அவள் காலியாக விட்ட நீல நாற்காலியும், கீழே தரையில் ஒயரைப் பிடித்தபடி அவளும். முழுதாக. இரண்டு கண். இரண்டு காது. ஜெனிட்டா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழுகை வந்தது.

"ஜெனி?" என்றான் அபிஷேக். "மூணாவது படம் இல்ல இப்ப. கடைசியா வந்ததுல வெறும் சேர் மட்டுந்தான் கீது. எங்க பூட்டாங்க எல்லாரும்?"

லேப்டாப்பில் அவள் விண்டோவின் மேல் இன்னொரு விண்டோ வந்து விழுந்தது.

அதன் மேல் இன்னொன்று.

இன்னொன்று.

ஒன்று விடாமல்.

முதலில் வாடைதான் வந்தது. பிறகு தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒரு நாற்காலி இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம். லைன் அறுந்தது. ஹெட்செட்டில் இரைச்சல் கூட இல்லை.

தலையைத் தூக்காமல் இருக்க முடிந்தவரை இருந்தாள்.

அவளுக்கும் கதவுக்கும் நடுவே நாற்காலிகள். கால் வைக்க இடமில்லாமல், நெருக்கி நெருக்கி. எல்லாவற்றிலும் ஆட்கள். எல்லாரும் கதவைப் பார்த்தபடி. அவள் பக்கம் முதுகு. ஊறிய சட்டைகள். ஒட்டிய முடி.

ஜெனிட்டா மூச்சை இழுத்தாள்.

அந்தச் சத்தத்துக்கு எல்லா முதுகும் திரும்பின.

ஒவ்வொருவருக்கும் ஒரு கண். பாதி மூக்கு. பாதி வாய். மீதிப் பாதியில் ஒன்றுமே இல்லை. ஈரச் சுவர் மாதிரி வழவழவென்று.

அந்த அறையில் முழு முகம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

அதைப் பார்த்தபடியே, ஒவ்வொருவராக, அவர்கள் எழுந்தார்கள்.