பக்கவாட்டில் ஏறக்கூடாது

கிளம்பும்போது வலது கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த வெளிச்சம் இப்போது பிடரியில் பட்டது. காலைப் பனிமூட்டத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாது, எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். அது பின்னால் போயிருக்கக் கூடாது. படகின் முன்பலகையில், எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தூண்டில் நூலின் சிக்கெடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் எரிச்சலோடு தலையைத் தூக்கினார். கடையிலும் நூல், இங்கே வந்தும் அதே பிழைப்பு.

"மச்சான், எங்க சுத்துற? நேராப் போ."

பதில் இல்லை. அவர் மனைவியின் தம்பிக்கு வாய் ஓயவே ஓயாது. தூக்கத்தில்கூட யாரிடமாவது வம்பளப்பான். விளையாடுகிறான் என்றுதான் நினைத்தார். எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும் வெட்டி வைத்த இரையின் கவிச்சியும் பனியோடு சேர்ந்து மூக்கில் அப்பின.

எஞ்சினை ஓட்டுகிறவன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஆள் விழுந்தால் அது எஞ்சினிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். கையை மடக்கி இரை வெட்ட முடியவில்லை என்று மச்சான் அதைப் பலகைக் கம்பியில் மாட்டிவிடுவான். கரையில் அதைச் சொல்லிக் கண்டித்தபோது, "நீங்க மெஷினோட கையைக் கட்டிக்கிட்டா மாமா தைக்கிறீங்க?" என்று சிரித்தான். லைஃப் ஜாக்கெட்டை மடித்து மெத்தையாகப் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலில் அவன் அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "அவன் சொல்றதைக் கேக்காதீங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

தையல்காரர் திரும்பிப் பார்த்தார்.

பின்பலகையில் யாரும் இல்லை. ஜாக்கெட் மட்டும், உட்கார்ந்த பள்ளம் மாறாமல் கிடந்தது. எஞ்சின் கைப்பிடி ஒருபக்கமாகத் திரும்பியிருக்க, ஆளில்லாத எஞ்சின் படகை வட்டமாகச் சுற்ற வைத்துக்கொண்டிருந்தது.

அந்த வட்டத்துக்குள் எங்கேயோ அவன் நீந்திக்கொண்டிருந்தால், அடுத்த சுற்றில் எஞ்சினின் விசிறி அவன்மேல் ஏறும். தவழ்ந்துபோய்க் கயிற்றைப் பிடுங்கினார். எஞ்சின் நின்றது.

"மச்சான்."

"மாமா." இடப்பக்கம். மிக அருகில்.

போன உயிர் திரும்பி வந்தது. துடுப்பை எடுத்தார். "இருடா, வந்துட்டேன். பேசிக்கிட்டே இரு."

"மாமா."

வலித்தார். வேர்த்தது. குரல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. மூச்சு வாங்காத குரல். தண்ணீரில் கிடப்பவன் இப்படியா கூப்பிடுவான் என்று மனம் கேட்டது. அதை அடக்கிவிட்டு வலித்தார்.

படகின் பக்கவிளிம்பில் ஒரு கை வந்து பற்றியது.

துடுப்பை எறிந்துவிட்டு அந்த மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்தார். பனிக்குள்ளிருந்து மச்சானின் முகம் மேலே வந்தது. அதே மூக்கு, அதே காது. அழுதுவிடுவார் போலிருந்தது.

"பக்கவாட்டில ஏறாத. பின்னால வா. நீதானே சொல்லுவ, பக்கத்துல தொங்கினா படகு கவுந்துடும்னு."

"விட்றாதீங்க மாமா."

அப்போதுதான் கவனித்தார். ஒரு முழு ஆள் பக்கத்தில் தொங்குகிறான். படகு சாயவே இல்லை.

துளிகூட.

அவர் கைக்குள் இருந்த மணிக்கட்டு சில்லென்றிருந்தது. நாடி தட்டுப்படவில்லை.

பின்பக்கம் படகு திடீரென்று அமுங்கியது. பாரம். உண்மையான பாரம். எஞ்சினுக்கு அருகில் பலகையை இன்னொரு கை பிடித்தது. நெற்றி கிழிந்து ரத்தம் வழிய இன்னொரு முகம் எழுந்தது. இருமியது. தண்ணீரைக் கக்கியது. பேச மூச்சில்லை.

முறைப்படி, பின்பக்கமாக வந்திருந்தான்.

"மச்சான், இதோ..."

அவர் கையை விட்டார். அந்தக் கை விடவில்லை. எப்போது திரும்பிப் பிடித்ததோ, அவர் மணிக்கட்டு அதன் பிடியில் இருந்தது. இழுத்தார். உதறினார். காலை நீட்டி ஜாக்கெட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தார். எட்டவில்லை. ஒரு முழம்தான் இடைவெளி.

பின்னால் இருந்த கண்கள் அவரைப் பார்த்தன. பக்கத்தில் தொங்கியதையும் பார்த்தன. அவனுக்கே புரிந்துவிட்டது.

விரல்கள் வழுக்கின. ஒன்று. இன்னொன்று.

அமுங்கியிருந்த பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

பக்கவிளிம்பைத் தாண்டி அது உள்ளே ஏறியது. படகு அசையவில்லை. அவர் கையை விடாமலே பின்பலகையில் போய் உட்கார்ந்து, மச்சானின் சிரிப்பைச் சிரித்தது.

"போலாம் மாமா. அக்கா பாத்துக்கிட்டே இருப்பா."