நன்றியுரையில் கடைசிப் பெயர்

அன்று காலை தில்லைநாயகிக்கு இரண்டாவது பொன்னாடை போர்த்தப்பட்டபோது அவள் இன்னும் பல் துலக்கியிருக்கவில்லை. முதல் பொன்னாடை, நேரத்தோடு கண் விழித்ததற்காக. இரண்டாவது, முதல் பொன்னாடையை அழகாக மடித்து வைத்ததற்காக. தெருமுனைச் சின்ன மேடையில் வார்டு உறுப்பினர் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவள் காதுக்குப் பின்னால் ஜிலீரென்று ஒரு சுகம் ஓடியது. வீட்டுக்கு வந்து ரோபோவிடம் காபி கேட்டாள்.

நிலவின் தென்துருவத்தில், ஒரு பெரும் பள்ளத்துக்கு மூடி போட்டுக் கட்டிய ஆம்பலூரில் எல்லாக் காலையும் இப்படித்தான். நாம் பால் வாங்கப் போவதுபோல அவர்கள் பொன்னாடை வாங்கப் போவார்கள். நிலவில் எடை குறைவல்லவா, துணி தோளில் இறங்க நேரம் பிடிக்கும், அதற்குள் ஆசாமி நகர்ந்துவிடுவார். ஆகவே பொன்னாடையின் ஓரங்களில் ஈயக் குண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அங்கே தோள்வலி உண்டு. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். வேலை எல்லாவற்றையும் ரோபோக்கள் எடுத்துக்கொண்ட பிறகு ஆம்பலூர் மனிதர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. சும்மா இருப்பது சுகம் என்று நினைத்தவர்கள் ஒரே வருடத்தில் முகம் தொங்கிப் படுத்த படுக்கையானார்கள். மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் புகழ்மானி. அரிசி அளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் பதித்துவிடுவார்கள். மேடையில் ஒலிபெருக்கி வழியாக உங்கள் பெயரை யாராவது சொன்னால் போதும், அது மூளைக்குள் ஒரு சொட்டு இன்பம் விடும். ஒரே ஒரு நிபந்தனை. சொல்கிற வாய் ரோபோவுடையதாக இருக்கலாம், ஆனால் கேட்கிற காதுகளில் ஒன்றாவது மனிதக் காதாக இருக்க வேண்டும்.

தில்லைநாயகியின் புருஷன் பரஞ்சோதிக்கும் புகழ்மானி பதித்திருந்தது. ஆனால் ஒரு தடவைகூட அது ஜிலீர் என்றதில்லை. காரணம், அந்த மனிதர் வேலை பார்த்தார்.

அடித்தளத்தில் ஒரு காற்றுச் சுழலி இருந்தது. பூமியிலிருந்து முதல் கப்பலில் வந்த கிழடு. ஊரின் காற்றை உறிஞ்சிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது அதுதான். நினைத்துக்கொண்டால் மக்கர் செய்து நிற்கும். இடது விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டால் மறுபடி ஓடும். பொருள்களை அடிக்கக் கூடாது என்பது ரோபோக்களுக்கு அடிப்படை விதி, எனவே குத்துவதற்கு ஒரு மனிதக் கை தேவைப்பட்டது. புதுச் சுழலி கேட்டுப் பூமிக்கு எழுதினார்கள். பூமியிலிருந்து உருக்கமான வாழ்த்துச் செய்தி வந்தது. ஆகப் பரஞ்சோதி குத்திக்கொண்டிருந்தார். அவர் ஒழுங்காகக் குத்தியதால் காற்று தடைப்பட்டதே இல்லை. தடைப்படாததால் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

"இங்க பாருங்க, மருத்துவமனையிலேர்ந்து தகவல் வந்திருக்கு" என்றாள் தில்லைநாயகி, காபியை நீட்டியபடி. "ஒரு தடவைகூட வேலை செய்யாத மானியை எல்லாம் ஆண்டு விழாவுக்கு மறுநாள் எடுத்துடப் போறாங்களாம். புதுசாப் பொறந்த பிள்ளைங்களுக்கு வைக்கணுமாம். விழா இன்னைக்கு. நாளைக்கு உங்களுதை எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டுப் போகட்டும்."

"வாய்தான் அப்படிச் சொல்லுது. மூஞ்சி வேற சொல்லுதே."

பரஞ்சோதி காபியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, அதுதான் உண்மை. மாலை வேண்டாம், சிலை வேண்டாம். மற்றவர்கள் எல்லாரும் கண்ணைச் செருகிக்கொண்டு சொல்கிறார்களே அந்த ஜிலீர், அது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வருடா வருடம் ஆண்டு விழாவில் தலைவரின் பூனைக்குப் பாராட்டு நடக்கும். தன் பெயரைச் சொல்ல ஒரு நாதியும் இல்லை என்பது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"எரிச்சலை விடுங்க. தம்பிகிட்டப் பேசிட்டேன். இன்னைக்கு மேடையில உங்களுக்கு நாற்காலி உண்டு" என்றாள் அவள்.

தம்பி மணவாளன் விழாக்குழுச் செயலாளர். அக்காவின் பேச்சைத் தட்டமாட்டான். அதிலும் அக்கா சத்தம் போட்டுக் கேட்டால்.

மாலையில் ஊரே மண்டபத்தில் கூடியது. பரஞ்சோதி கிளம்புமுன் சுழலிக்கு நன்றாக நாலு குத்து விட்டு, "இன்னைக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்து" என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடையில் கடைசி நாற்காலி அவருடையது. மணவாளன் குனிந்து அவர் காதில் சொன்னான்.

"அத்தான், தலைவர் பேசி முடிச்சதும் உங்களுக்குப் பொன்னாடை. உங்க பேரை ரெண்டு தடவை சொல்லச் சொல்லியிருக்கேன்."

"ஒரு தடவை போதும் மச்சான்."

"இருக்கட்டும், கேக்காம போயிட்டா?"

தலைவர் ஆவுடையப்பன் எழுந்தார். "நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தார். கூட்டம் பெருமூச்சு விட்டு, காலை நீட்டி, வசதியாகச் சாய்ந்துகொண்டது. ஆம்பலூர் உருவான கதையைச் சொல்ல அவர் சந்திரன் உருவான காலத்திலிருந்து தொடங்கினார். முன்வரிசையில் கொட்டாவி புறப்பட்டது. பின்வரிசையில் குறட்டை. வழக்கம்தான், யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் திடீரென்று தலைவரே கொட்டாவி விட்டார்.

பரஞ்சோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவர் பேச்சைக் கேட்டு உலகமே தூங்கலாம், தலைவர் தூங்கமாட்டார். பரஞ்சோதி காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். தரைக்கடியிலிருந்து எப்போதும் வருகிற உறுமல் இல்லை. சுழலி நின்றுவிட்டது. இத்தனை பேர் விடுகிற மூச்சும் மண்டபத்துக்குள்ளேயே தங்குகிறது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டுமே என்று யோசித்தார். தலைவர் பேசும்போது எந்த மணியும் அடிக்கக் கூடாது என்று போன வருடம் போட்ட தீர்மானம் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். நடுவரிசையில் தில்லைநாயகியின் தலை பக்கத்து அம்மாள் தோளில் சாய்ந்திருந்தது.

"மச்சான், சுழலி நின்னுடுச்சு. நான் கீழே போகணும்."

மணவாளனுக்கே கண் சொருகிக்கொண்டிருந்தது. "என்ன அத்தான் நீங்க, தலைவர் பேசறப்ப எந்திரிச்சா என் கதி என்ன ஆகும்? உட்காருங்க. அடுத்தது நீங்கதான்" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

அடுத்தது தான்தான். அதுதான் அவரைக் கொன்றது. உட்கார்ந்திருந்தால் பெயர் வரும், ஜிலீர் வரும். நாளைக்கு மானி போய்விட்டால் ஆயுசுக்கும் இல்லை. இன்னும் பத்து வாக்கியம் பொறுத்தால் என்ன? ஆனால் ஆவுடையப்பனுக்குப் பத்து வாக்கியம் என்பது என்ன கணக்கு என்று ஊருக்கே தெரியும். அவர் மறுபடி மனைவியைப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. சனியனே, என்று சுழலியைத் திட்டினார்.

எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், பிடித்து உட்கார வைப்பார்கள். என்ன செய்வது? மேடை ஓரத்தில் ஒலிபெருக்கி ஒயர் ஒரு சுருள் கிடந்தது. பரஞ்சோதி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டார், தலைவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நேராக நடந்து போனார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒயர் தூக்குகிறவனை எந்த ஊர்ப் பெரிய மனிதர் பார்த்திருக்கிறார்? தலைவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவருக்கு அப்பால் இருந்த கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

அடித்தளத்தில் சுழலி சாதுவாக நின்றுகொண்டிருந்தது. பரஞ்சோதி பல வருட வயிற்றெரிச்சலை எல்லாம் கையில் திரட்டி ஒரு குத்து விட்டார். அது அலறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து கை முட்டியைத் தடவிக்கொண்டார்.

மேலே புதுக் காற்று குளிர்ந்து இறங்கியது. முன்வரிசை நிமிர்ந்தது, பின்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது. மூச்சு முட்டிப் போயிருந்த ஜனம் ஒரே நேரத்தில் உயிர் வந்ததுபோல் விழித்துக்கொண்டு, ஏன் என்று தெரியாத சந்தோஷத்தில் கை தட்டியது. அந்த நொடியில் தலைவர், "ஆகவே, வடிகால் வசதி பற்றி அடுத்ததாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சுக்கு இப்படிக் கை தட்டல் அவர் வாழ்நாளில் கிடைத்ததில்லை. அங்கேயே அவருக்கு 'உயிரூட்டும் நாவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் நெகிழ்ந்துபோய் வடிகால் பற்றிய பகுதியை முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

பரஞ்சோதி கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு மேலே ஓடி வந்தபோது மணவாளன் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தான். "நேரமின்மை காரணமாக மற்ற பாராட்டுகள் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. இப்போது நன்றியுரை" என்றான்.

நன்றி என்ற சொல்லின் முதல் எழுத்து வந்ததுமே கூட்டம் எழுந்துவிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. உணவுக்கூடத்தின் வாசலில் தள்ளுமுள்ளு. ஆம்பலூரில் முதல் பந்திக்கு மட்டும்தான் வடை. மண்டபம் காலியாகிவிட்டது. பரஞ்சோதி ஒரு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

மேடையில் தும்பி ஏறியது. நன்றியுரை சொல்ல எந்த மனிதரும் முன்வராததால் அந்த வேலைக்கென்றே வைத்திருந்த ரோபோ அது.

"அண்ணே, நீங்க போகலையா?" என்று கேட்டது தும்பி. "எப்பவும் முதல் ஆளா ஓடுவீங்களே."

"எங்கடா போறது. நாளைக்கு மானியை எடுத்துடுவாங்க. ஒருத்தன்கூட என் பேரைச் சொல்லலை."

"என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க. நான் வருஷா வருஷம் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். நன்றியுரையில கடைசிப் பேரு உங்களுதுதான். 'நாம் மூச்சு விடக் காரணமான பரஞ்சோதி அவர்களுக்கு'ன்னு முழுசா வரும்."

பரஞ்சோதி தலையைத் தூக்கினார். "நான் கேட்டதே இல்லையே."

"நீங்க வடை சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க. யாரும் கேக்கலைன்னா மானி வேலை செய்யாது. கேக்கற காது உங்களுதாவே இருந்தாலும் போதும்னுதான் சட்டம். ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

அவருக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஆரம்பி. இன்னைக்கு இடியே விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

தும்பி ஆரம்பித்தது. தலைவர், தலைவரின் துணைவியார், தலைவரின் பூனை, பூனையின் மருத்துவர். பந்தல் போட்டவர்கள், பொன்னாடைக்கு ஈயம் வைத்துத் தைத்தவர்கள். பரஞ்சோதி காதுக்குப் பின்னால் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை பேர் மறைவாக வேலை செய்கிறார்களா என்று முதலில் வியந்தார். பிறகு நெளிந்தார். பிறகு எத்தனை பேரடா என்று மனசுக்குள் திட்டினார்.

அப்போது மணவாளன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அத்தான், இங்கயா இருக்கீங்க. தலைவர் பக்கத்துல ஒரு இலை காலியா இருக்கு. பூமிக்கு அனுப்பறதுக்குப் படம் எடுக்கறாங்க. வேற யாராவது உட்கார்றதுக்குள்ள வாங்க."

"தலைவர் பக்கத்துலயா?"

"ஒட்டினாப்பல. வடையும் இருக்கு."

பரஞ்சோதி தும்பியைப் பார்த்தார். தும்பி கோலமாவு வழங்கியவர்களின் பட்டியலில் இருந்தது. "இன்னும் நிறைய இருக்காடா?"

"கொஞ்சம் இருக்கு அண்ணே. வரிசையை மாத்த எனக்கு அனுமதி இல்லை."

"ஒரே ஒரு படம். ஓடிப் போய் ஓடி வந்துடறேன். நிதானமாப் படி" என்றபடி அவர் எழுந்தார். மணவாளன் கையைப் பிடித்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குள் ஓடினார்.

படம் நன்றாகத்தான் வந்தது. தலைவர் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கூஜா, கூஜாவுக்குப் பின்னால் எண்ணெய் படிந்த ஒரு முழங்கை தெரிந்தது. அந்த முழங்கைக்குச் சொந்தக்காரர் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மண்டபத்தில் தும்பி கடைசி வரிக்கு வந்திருந்தது. நாம் மூச்சு விடக் காரணமான பரஞ்சோதி அவர்களுக்கு, என்று அது கணீரென்று சொன்னது. காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது.

"இவ்வளவு நேரம் பொறுமையுடன் அமர்ந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி" என்று முடித்துவிட்டு, ஒலிபெருக்கியைத் தானே அணைத்து, ஒயரைச் சுருட்டத் தொடங்கியது.