தேசப்பனுக்கு ஒரு தொப்பி

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலோரம், தையல் மெஷின் முன்னால் என் அம்மா குல்சும். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மடி நிறைய மஞ்சள் துணியோடு பக்கத்து வீட்டு செண்பகம் அத்தை. பாயில் அத்தையின் மகள் ஏஞ்சல், ஒன்றாம் வகுப்பு. வெட்டுத்துணிக் கூடைக்குள் அவள் தம்பி ஸ்டீவன், பத்து மாதம். வாசற்படிக்குப் பக்கத்தில், மடியில் நோட்டோடு நான், இர்பானா, ஐந்தாம் வகுப்பு.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பொங்கல் விடுமுறையின் முதல் நாள். கும்மிடிப்பூண்டியில், கம்பெனி பஸ்கள் திரும்பும் தெருவில் எங்கள் வீடு. அம்மாவும் அத்தையும் சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன், சட்டை, தொப்பி எல்லாம் தைப்பார்கள். அம்மா வெட்டித் தைப்பார். அத்தை கையால் பூவேலை செய்வார். வருகிற கடிதங்களைப் படித்துக் காட்டி, பதில் எழுதி, ஃபைலில் கோர்த்து வைப்பது என் வேலை.

அன்றைக்கு எளாவூர் பால்வாடி மேரி டீச்சரின் கடிதத்தை இரண்டாம் முறையாகப் படித்தேன்.

"லீவு முடிந்து திறக்கும் அன்றே ஆண்டு விழா. பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் கோழிக்குஞ்சாக வருகிறார்கள். டேப் இல்லாததால் பூக்கட்டும் நூலால் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் அளந்து, பெயர்ச் சீட்டு கட்டி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தொப்பியிலும் பெயர் தைக்க வேண்டும். தேசப்பன் என்ற பிள்ளைக்கு மற்ற எல்லோரையும் விடத் தலை பெரியது. போன வருடம் கடையில் வாங்கிய முயல் தொப்பி அவனுக்கு நுழையவில்லை. அவனை மரமாக நிறுத்திவிட்டோம். 'நான் எப்போ மொயலு ஆவேன்?' என்று இன்னும் கேட்கிறான். இந்த முறை அவனை விட்டுவிடாதீர்கள்."

"அய்ய, மரமாவா நிக்க வச்சாங்க?" என்றார் அத்தை. "யக்கா, மொதல்ல அந்தப் புள்ளைக்கு வெட்டு."

"வெட்டறேன். இர்பானா, அளவு நூல எடு."

நான் எழுந்து மெஷின் மேசையைப் பார்த்தேன். நூல்களை அங்கேதான் வைத்திருந்தேன். கடிதத்தை ஃபைலில் கோர்த்த எனக்கு, நூல்களை எங்கே கோர்ப்பது என்று தெரியவில்லை. அதனால் மேசையிலேயே விட்டிருந்தேன்.

மேசை காலியாக இருந்தது.

பாயில், ஏஞ்சலின் முட்டிக்குப் பக்கத்தில், பன்னிரண்டு பெயர்ச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் கையில் நூல் உருண்டை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மிஞ்சிய நூலைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு சாண் மிஞ்சினாலும் உருண்டையில் இருக்கும் நூலோடு முடிச்சுப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கத்தரித்து, சுற்றிவிட வேண்டும். ஏஞ்சல் அந்த வேலையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"அத்தனையும் முடிஞ்சிட்டேன்க்கா," என்று சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. கூடைக்குள் ஸ்டீவன் மட்டும் சிரித்தான்.

"அடிப்பாவி! இன்னா வேல பண்ணிக்கினு உக்காந்துருக்க!" அத்தை எழுந்ததில் மடியில் இருந்த மஞ்சள் துணி முழுவதும் தரையில் சரிந்தது. "டீச்சரு ஊருக்குப் போயிட்டாங்க. பால்வாடிக்குப் பூட்டு. யாரைப் போய்க் கேக்கறது? பெரிய பேஜாராப் போச்சே!"

ஏஞ்சலின் உதடு பிதுங்கியது. உருண்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அத்தை, அவளைத் திட்டாதீங்க. மேசை மேல வச்சது நான்தான்," என்றேன். "மேசை மேல இருந்தா அது மிச்ச நூலுன்னுதானே அவளுக்குத் தெரியும்?"

"அதுக்கு? இப்ப அளவு வந்துடுமா?"

நான் ஏஞ்சலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உருண்டையைக் குடு. பிரிச்சுப் பாப்போம்," என்றேன்.

பிரித்தோம். முதலில் வெள்ளைப் பூ நூல் வந்தது. முடிச்சு, நூல், முடிச்சு, நூல் என்று பன்னிரண்டு துண்டுகள். அதற்கு அப்புறம் சிவப்பு நூல். பழைய மிச்சங்கள் அங்கே ஆரம்பித்தன.

"நூலு எங்கயும் போவலைம்மா. எல்லாம் இங்கதான் இருக்கு," என்றேன்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இருக்கு. ஆனா முடிச்சுக்குக் கொஞ்சம் போயிருக்கும். நுனியை வேற கத்தரிச்சுட்டா. எவ்ளோ போச்சுன்னு எப்படித் தெரியும்?"

அதற்கு எனக்கு ஒரு வழி தெரிந்தது. அதே மாதிரிப் பூ நூலில் மூன்று துண்டுகளைச் சரியாக இருபது இருபது இஞ்ச் வெட்டி ஏஞ்சலிடம் கொடுத்தேன்.

"இதை முடி. எப்பவும் போடற மாதிரியே போடணும்."

"அம்மா அடிக்காதா?"

"நீதான் போடணும். நான் போட்டா கணக்கு தப்பாயிடும்."

ஏஞ்சல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடிச்சுப் போட்டாள். பல்லால் இழுத்து இறுக்கினாள். நுனியைக் கத்தரித்தாள். இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்த நடுத்துண்டை அம்மா டேப்பில் வைத்தார். பதினெட்டரை இஞ்ச்.

"ஒன்றரை இஞ்ச் தின்னுட்டா!" என்றார் அம்மா. இன்னொரு முறை முடியச் சொன்னோம். அப்போதும் பதினெட்டரைதான்.

"எம் பொண்ணு முடிச்சுல மிஷினு மாதிரி," என்று அத்தை சொன்னபோது அவர் குரலில் கோபத்தைக் காணோம்.

பிறகு ஒவ்வொரு வெள்ளைத் துண்டையும் அம்மா அளந்து சொல்ல, நான் ஒன்றரை கூட்டி நோட்டில் எழுதினேன். வெளி நுனித் துண்டுக்கு ஒரு பக்கம்தான் முடிச்சு என்பதால் அதற்கு மட்டும் முக்கால் கூட்டினேன். பதினோரு துண்டுகள் பத்தொன்பதரைக்குள் அடங்கின. ஒன்று மட்டும் இருபத்தொன்று வந்தது.

"தேசப்பன்!" என்று ஏஞ்சலும் நானும் ஒன்றாகக் கத்தினோம்.

முதல் தொப்பி அவனுக்குத்தான் தைத்தோம். மஞ்சள் துணி, முன்னால் சிவப்பு மூக்கு, இரண்டு கறுப்புப் பொத்தான் கண்கள். ஸ்டீவன் தலையில் வைத்துப் பார்த்தோம். மோவாய் வரை இறங்கியது. உள்ளேயிருந்து "ங்ஙா" என்று சத்தம் வந்தது. என் தலையில் வைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இவ தலையும் அந்தப் புள்ள தலையும் ஒண்ணு," என்று அத்தை சிரித்தார். "பெரிய தலைக்காரங்க ரெண்டு பேரு!"

நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு பெரிய கோழிக்குஞ்சு என்னைப் பார்த்தது. கழற்றவே மனம் வரவில்லை.

நான்கு நாட்களில் பன்னிரண்டும் தயார். தேசப்பன் பெயரை அவன் தொப்பியிலேயே தைத்தாயிற்று. மற்றப் பெயர்கள்தான் சிக்கல். எந்த அளவு யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது.

"தொப்பியில தைக்காதீங்க அத்தை," என்றேன். "ரிப்பன்ல தைங்க. போட்டுப் பாத்துட்டு, யாருக்கு எது சேருதோ அதுல டீச்சர் ஊக்கால குத்திக்கட்டும்."

அத்தை பதினோரு ரிப்பன் துண்டுகளில் பதினோரு பெயர்களைத் தைத்தார். நான் கடிதம் எழுதினேன்.

"மதிப்புக்குரிய டீச்சருக்கு, தொப்பி பன்னிரண்டு, பெயர் ரிப்பன் பதினொன்று, ஊக்கு பதினொன்று அனுப்பியிருக்கிறோம். அளவு நூல்களை நாங்கள் கலந்துவிட்டோம். மன்னிக்கவும். ஆனால் அளவுகளைக் கண்டுபிடித்துவிட்டோம். எல்லோரும் போட்டுப் பார்த்துத் தங்கள் தொப்பியைத் தேட வேண்டும். தேசப்பன் மட்டும் தேட வேண்டாம். இப்படிக்கு, இர்பானா."

ஏஞ்சல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நான்தான் முடிஞ்சேன்னு எழுதிட்டியா?"

"'நாங்கள்'னு எழுதியிருக்கேன்."

அவள் என் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே, கோணல்மாணலாக ஒரு வரி எழுதினாள்: "நான் முடிச்சு நல்லா போடுவேன். ஏஞ்சல்."

என் அழகான கடிதத்தில் அந்த ஒரு வரி ஏறி இறங்கி நின்றது. வேறொரு நாளாக இருந்தால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருப்பேன். அன்றைக்கு அப்படியே மடித்தேன்.

பசை தீர்ந்திருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து நான்கு பருக்கை சோறு கொண்டுவந்தார். அதை நசுக்கித் தடவி, உறையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினேன்.

ஏஞ்சலின் அப்பா ஜோசப் மாமா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "டீச்சரு இன்னிக்கு ஊர்லேர்ந்து திரும்பிடுவாங்க. எளாவூர் பஸ்ஸு வர நேரமாச்சு. குடும்மா சீக்கிரம்."

"மாமா, பையைத் தலைகீழாப் புடிச்சிடாதீங்க," என்றேன்.

"ஏன், குஞ்செல்லாம் முழிச்சிக்குமா?"

கடிதத்தைப் பையின் மேலாக வைத்துக் கொடுத்தேன். அதற்கு நேர் கீழே, டீச்சர் கைக்கு முதலில் வரும்படி, தேசப்பனின் தொப்பி இருந்தது.