குழி விழுந்த சுழல்தட்டு

"குழி குழியா ஆணியால குத்தியிருக்கான்! எதிர்ப்பட்டறைக்காரன் ஏவி விட்ட ஆளு. இவனுக்கா என் பொண்ணு? மோதிரத்தைக் கழட்டுடா!"

வார்ப்புப் பட்டறை முதலாளி ஹாஜி மித்வல்லியின் கூச்சல், மீத் கம்ர் ஊர் முழுக்கக் கேட்டது.

"நான் குத்தல ஹாஜி," என்றான் அங்கே வேலை பார்க்கும் ஷெஹாத்தா, அவர் மகளுக்கு நிச்சயமானவன்.

"பின்ன யாரு?"

அவன் குழி விழுந்த சுழல்தட்டை எடுத்துத் துணியால் துடைத்தான்.

ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி பர்ஸூம் தேநீர்க் கோப்பையோடு வந்தார். பாதி மழித்த முகமொன்றை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, சலூன்காரர் ஸர்ஹானும் பின்னால் ஓடிவந்தார்.

விஷயம் இதுதான். தெர்மாகோலில் செய்த பம்புச் சுழல்தட்டு மாதிரிகள் திங்களன்று ஹாஜி வீட்டு மொட்டைமாடியில் பசை காயக் கிடந்தன. மறுநாள் ஷெஹாத்தா அவற்றுக்குக் களிமண் பூச்சுப் பூசினான். புதனன்று மணலில் புதைத்து அலுமினியம் ஊற்றினார்கள். தெர்மாகோல் எரிந்து மறைய, அந்த இடத்தை உலோகம் பிடித்தது, வடுக்கள் உட்பட.

பர்ஸூம் குழிக்குள் விரலை விட்டார். "உள்ள வழவழன்னு இருக்கு. பூசின பிறகு குத்தியிருந்தா மணல் புகுந்து சொரசொரன்னு ஆயிருக்கும். அப்ப, இது மாடியிலேயே நடந்தது."

"மாடிக்குப் போறது தௌலத் மட்டும்தானே!" என்றார் ஸர்ஹான், ஆர்வக் கோளாறில். எல்லோரும் ஹாஜியின் மகளைத் திரும்பிப் பார்த்தோம். உச்சி வெயிலில் தினமும் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பது எங்களுக்கும் வெகுநாள் சந்தேகம்.

"அவள விடுங்க!" ஷெஹாத்தா அவசரமாக மோதிரத்தைக் கழற்றினான். "நான்தான் குத்தினேன்."

"இப்பத்தானே இல்லேன்ன?" பர்ஸூம் தேநீரை உறிஞ்சினார். "பூசும்போதே குழியைப் பாத்துட்டு, அவளுக்காக வாயை மூடிக்கிட்ட. சரி, குழியெல்லாம் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கு. வன்மம் புடிச்சவன் தட்டையே உடைப்பான், மேலால நுனி நுனியா கிள்ளுவானா? ஹாஜி, இன்னைக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?"

"மாடிக் கூட்டுக் கோழி. அதுக்கென்ன?"

"அதோட இரைப்பையை அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்க."

தட்டில் வந்த இரைப்பைக்குள், சோளத்துக்கும் கல்லுக்கும் நடுவே, வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் மணிகள்.

"கூட்டைச் சாத்த மறந்துட்டேன் அப்பா," என்றாள் தௌலத். "கைப்பிடிச்சுவர்ல சாஞ்சு... கீழ இவர்கிட்ட பேசிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தட்டு முழுக்கக் கொத்துற நேரம்," என்றார் பர்ஸூம்.

பெருநாள் கழிந்து கல்யாணம் நடந்தது. இருவரும் ஆற்றுக்கு அக்கரையில் ஸிஃப்தாவில் குடியேறினார்கள். ஹாஜி கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. மீதியிருந்த ஆறு கோழிகளையும் கூட்டோடு சீர்வரிசையாக அனுப்பினார். கூட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின. சாவிகளை மருமகன் கையில் கொடுத்தார்.