எர்த் பட்டை

கம்பி கருகிப்போயிருந்தது. மீட்டரில் மட்டும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வக நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத அந்த நானோ கம்பி நட்டநடுவே அறுந்து, இரு முனைகளிலும் கரி அப்பிக் கிடந்தது. தப்பு அவளுடையதுதான். கம்பியைத் தொடுமுன், உடம்பு மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்ட வேண்டும். உடம்பில் தேங்கிய துளி மின்சாரமே அதைப் பொசுக்கிவிடும். காய்ச்சலில் கிடந்த மகள் போனில் "சீக்கிரம் வாம்மா" என்று அழுத அவசரத்தில், பட்டையை மறந்து தொலைத்தாள்.

காந்தப் புலத்தை ஏற்ற ஏற்ற மின்தடை குறைவதுதான் அந்தக் கம்பி உலோகத்தின் விசித்திரம். கம்பி அறுந்தது தெரியாமல் அளந்தவள், தடை குறைந்தபோது பூரித்துப்போனாள். காந்தத்தை அணைத்த பிறகும் குறைந்துகொண்டே போனது.

"பட்டை கட்டினியாம்மா?" என்றார் ஹீலியம் அண்ணன். காந்தத்தைக் குளிர்விக்க ஹீலியம் ஊற்றுபவர்.

"கட்டினேண்ணே."

"ஒயரையே பிடுங்கிட்டேன். இன்னும் நம்பர் காட்டுது பாரேன். மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நீ கிளம்பு, புள்ள தேடும்."

பையை எடுக்க மீட்டரைத் தாண்டினாள். தடை சரிந்தது. விலகினாள், ஏறியது. அண்ணன் கவனிக்கவில்லை. கம்பியைத் தொட்ட விரல் மரத்திருந்தது. குளிர்தான் என்று தேற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் முழங்கை வரை மரத்தது. இறங்கும்போது தோள். மாடிப்படியில் ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே, ஆய்வகத்தில் வந்த அதே கருகல் நெடி அவள் பின்னாலேயே ஏறி வந்தது. பல மாதமாகச் செத்துக்கிடந்த படிக்கட்டு பல்பு, அவள் அருகில் வந்ததும் மங்கலாக எரிந்தது. தாண்டினாள். அணைந்தது.

அப்போதுதான் புரிந்தது. அறுந்த கம்பியில் ஓடியது இப்போது அவளுக்குள் ஓடுகிறது. அலற வேண்டும். அலறலும் மரத்திருந்தது.

திரும்பிப் போய்விட வேண்டும். கால் நகரவில்லை.

எதிரே வீட்டுக் கதவு திறந்தது.

"அம்மா வந்தாச்சு!"

கைகளைப் பின்னால் மறைத்தாள். "கிட்ட வராதே கண்ணு. அப்பாகிட்ட போ."

"ஐ, ஒளிச்சு வச்சிருக்கே! என்ன வாங்கிட்டு வந்தே?"

சிரித்தபடி ஓடி வந்தாள் மகள்.

கட்டிக்கொண்டாள்.

மரத்த உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் சூடுகூட.

சிரிப்பு நின்றது. தலைக்கு மேலே வாசல் பல்பு பளீரென்று எரிந்தது.

"பாப்பா?"

இடுப்பைச் சுற்றிக் கோத்திருந்தன பிஞ்சு விரல்கள். நுனிகளில் கரி அப்பியிருந்தது. பிடி மட்டும் விடவில்லை.